காமிராவில் ஒட்டிய பசையைப் போக்குவது எப்படி?

ஒருவரோடு ஒருவர் ஒட்டி வாழ வேண்டும் என்று பெரியோர் சொல்வர். ஆனால் ஒட்டக் கூடாத இடத்தில் ஒட்டிய பொருள் எவ்வளவு தொல்லை தரும் என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் இவ்வாண்டு நன்றாக உணர்ந்து கொண்டோம். எங்களுக்கு அந்தப் பாடத்தைக் கற்பித்தது எங்கள் பள்ளியின் காமிரா. எல்லார் கையிலும் படம் பிடிக்கும் கைப்பேசி இருக்கும் இந்நாளில் காமிராவைப் பற்றி ஒரு கட்டுரை தேவையா என்று தோழியர் சிலர் கேட்கலாம். நாங்கள் இங்கே கூறும் முறைகள் அண்ணனின் கைப்பேசிக்கும், அப்பாவின் மூக்குக் கண்ணாடிக்கும், தாத்தாவின் டிரான்சிஸ்டருக்கும் கூடப் பொருந்தும். மேலும் கட்டுரையின் பிற்பகுதியில் பெற்றோர் அனைவரும் அறிய வேண்டிய செய்தி ஒன்றும் இருக்கிறது. ஆகவே பொறுமையுடன் படிக்குமாறு வேண்டுகிறோம்.

மலைக்குச் சென்று வந்த காமிரா

கடந்த ஜூலை மாதம் எங்கள் வகுப்பார் கல்வராயன் மலைக்குச் சுற்றுலா சென்றோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் சென்று, மலையடிவாரத்தில் கோமுகி அணையைப் பார்த்துவிட்டு, வளைந்து வளைந்து ஏறும் சாலையில் வெள்ளிமலையை அடைந்தோம். ஆண்டு மலருக்குப் படங்கள் எடுப்பதற்காகச் சிஸ்டர் பள்ளியின் காமிராவை எங்களை நம்பிக் கொடுத்திருந்தார்கள். அது பழைய மாணவி ஒருவர் பள்ளிக்கு அன்பளிப்பாகத் தந்தது. அது கெட்டுப் போனால் இன்னொன்று எளிதில் வாங்க இயலாது என்பது எங்களுக்குத் தெரியும்.

மலையில் சாரல் விட்டு விட்டுப் பெய்தது. காமிரா நனைந்துவிடுமே என்று அஞ்சி, ஒரு பாலிதீன் பையை அதன்மேல் போர்த்தி, லென்ஸைச் சுற்றிப் பார்சல் கட்டும் பழுப்பு டேப்பை இறுக்கமாக ஒட்டினோம். அப்போது எங்கள் அறிவை நாங்களே மெச்சிக் கொண்டோம். மலைத் தேன் புட்டி ஒன்றை வாங்கி அதே பையில் வைத்தோம். வழியில் பலாச்சுளை தின்ற கையோடு காமிராவின் மூன்று கால் ஸ்டாண்டையும் தூக்கிக் கொண்டு நடந்தோம்.

வீடு திரும்பும்போது இரவாகிவிட்டது. மறுநாள் பார்த்துக் கொள்ளலாம் என்று பையை அப்படியே அலமாரியில் வைத்தோம். பிறகு இடைத் தேர்வு வந்தது. மூன்று வாரம் கழித்துப் பையைத் திறந்தபோது எங்களுக்குப் பகீரென்றது. தேன் கசிந்து எறும்புகள் மொய்த்திருந்தன. டேப்பை இழுத்தபோது மேல் தாள் மட்டும் கையோடு வந்தது. பழுப்பு நிறப் பசை லென்ஸின் குழலிலேயே தங்கிவிட்டது. ஸ்டாண்டின் கால்களில் பலாப்பால் கறுத்துக் காய்ந்திருந்தது. காமிராவைப் பிடிக்கும் ரப்பர்ப் பகுதியோ, அதன்மேல் எதுவும் சிந்தாமலேயே, தொட்டால் விரல் ஒட்டும்படி ஆகியிருந்தது.

அழாத குறையாகச் சிஸ்டரிடம் சென்று நின்றோம். அவர்கள் கோபித்துக் கொள்ளவில்லை. "அழுக்காக்கியது நீங்கள், சுத்தம் செய்வதும் நீங்கள்தான். ஆனால் என்ன ஒட்டியிருக்கிறது என்று தெரியாமல் எதையும் ஊற்றாதீர்கள்" என்று மட்டும் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லில்தான் இக்கட்டுரை முழுவதும் அடங்கியிருக்கிறது.

தேனுக்குத் தண்ணீர், பலாவுக்கு எண்ணெய்

என்ன செய்வதென்று யோசித்தபோது மலையில் நடந்த ஒன்று எங்கள் நினைவுக்கு வந்தது. சாலையோரத்தில் தேனும் பலாப்பழமும் விற்றுக் கொண்டிருந்த அம்மா ஒருவரிடம் பழம் வாங்கித் தின்றோம். கையில் ஒட்டிய பலாப்பாலைத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவினோம், சோப்பும் போட்டோம். போகவேயில்லை. அந்த அம்மா சிரித்துக் கொண்டே கொஞ்சம் எண்ணெயை எங்கள் கையில் ஊற்றினார். "தேனுக்குத் தண்ணி போதும் பாப்பா. பலாப்பாலுக்கு எண்ணெய்தான் வேணும்" என்றார். எண்ணெய் தேய்த்ததும் பால் உருண்டு திரண்டு வந்துவிட்டது.

எங்கள் அறிவியல் புத்தகத்தில் கரைசல்கள் என்னும் பாடத்தில் இதே உண்மை வேறு சொற்களில் இருக்கிறது. ஒரு பொருள் தன் இயல்பை ஒத்த கரைப்பானில்தான் நன்கு கரையும். சர்க்கரை நீரோடு இணங்கும். ரப்பர், பிசின், மெழுகு, எண்ணெய் ஆகியவை நீரோடு இணங்காமல் தங்களைப் போன்ற எண்ணெய்ப் பொருள்களோடு இணங்கும். பாடத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தோம். ஆனால் அந்த அம்மா கையில் எண்ணெய் ஊற்றிய பிறகுதான் அது எங்களுக்கு விளங்கியது. ஆகவே எங்கள் காமிராவில் ஒட்டியிருந்தவற்றை மூன்று வகையாகப் பிரித்துக் கொண்டோம்: நீருக்குப் போகும் பசை, எண்ணெய்க்குப் போகும் பசை, இரண்டிலும் சேராத பசை.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

முதலில் காமிராவை நிறுத்தி, பேட்டரியையும் படங்கள் பதியும் அட்டையையும் கழற்றி வைக்க வேண்டும். மின்சாரம் உள்ள பொருளில் ஈரம் படுதல் ஆகாது. லென்ஸை மூடியால் மூட வேண்டும். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்துக் கொண்டால் கழன்று விழும் சிறு திருகு கண்ணுக்குத் தெரியும். பிறகு மென்மையான தூரிகையாலும், ரப்பர்ப் பந்தை அழுத்திக் காற்று ஊதியும் தூசியை அகற்ற வேண்டும். தூசி இருக்கும்போதே துடைத்தால் அது மணல் காகிதம் போலக் கீறிவிடும். எந்தத் திரவமானாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில், காமிராவின் அடிப்புறத்தில், ஒரு சொட்டளவு தடவிச் சிறிது நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். நிறம் போகாமலும் பளபளப்பு மாறாமலும் இருந்தால்தான் மேலே செல்லலாம். எப்போதும் துணியைத் திரவத்தில் நனைக்க வேண்டுமேயன்றிக் காமிராவின்மேல் திரவத்தை ஊற்றக் கூடாது.

நீருக்குப் போகும் பசை

தேன், கரும்புச் சாறு, குளிர்பானம், மைதா மாவுப் பசை, மரவள்ளிக் கிழங்கு மாவுப் பசை ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. கரும்பும் மரவள்ளியும் விளையும் நம் மாவட்டத்தில் இவ்வகைப் பிசுக்கை அறியாதவர் இருக்க மாட்டார்கள். இவற்றுக்கு வெதுவெதுப்பான நீரே போதும். மெல்லிய பழைய பருத்தித் துணியை நனைத்து, ஒரு சொட்டும் சொட்டாதபடி நன்கு பிழிந்து, பிசுக்கின்மேல் ஒரு நிமிடம் ஒற்றி வைக்க வேண்டும். காய்ந்த தேன் இளகும். பிறகு துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். பொத்தான்களின் இடுக்கில் பஞ்சு சுற்றிய குச்சியைப் பயன்படுத்தினோம். இங்கே அவசரம் கூடாது. நான்கு முறை துடைத்த பிறகே தேன் முற்றும் போயிற்று. சிறிது மிஞ்சினாலும் எறும்பு நமக்குச் சொல்லிவிடும்!

எண்ணெய்க்குப் போகும் பசை

டேப்பின் பசை இதைச் சேர்ந்தது. ஒட்டும் டேப்பின் கதை சுவையானது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள 3எம் நிறுவனத்தில் வேலை செய்த ரிச்சர்டு டுரூ என்பவர், மோட்டார் கார்களுக்கு இரு வண்ணம் பூசுவோர் படும் பாட்டைப் பார்த்து 1925-ஆம் ஆண்டில் மறைப்பு டேப்பை உருவாக்கினார். ஒட்டவும் வேண்டும், உரித்தால் வண்ணத்தைப் பெயர்க்காமல் வரவும் வேண்டும் என்பதே அதன் நோக்கம். பின்னர் 1930-இல் ஒளி ஊடுருவும் டேப்பும் அவராலேயே வந்தது.

டேப்பின் பசை கெட்டியாகத் தோன்றினாலும் உண்மையில் மிக மிக மெதுவாக வழியும் திரவத்தைப் போன்றது. ஒட்டிய சில மணி நேரத்தில் உரித்தால் பெரும்பாலும் சுத்தமாக வந்துவிடும். நாள் ஆக ஆக, வெப்பம் ஏற ஏற, அது பொருளின் நுண்ணிய குழிகளில் எல்லாம் இறங்கிப் பிடித்துக் கொள்கிறது. நாங்கள் செய்த பெரும்பிழை டேப்பை ஒட்டியது மட்டும் அன்று, மூன்று வாரம் அதை உரிக்காமல் விட்டதும்தான். படப்பிடிப்புத் தொழிலில் உள்ளோர் துணியால் ஆன தனி வகை டேப்பைப் பயன்படுத்துகிறார்கள். அது உரித்த இடத்தில் பசையை அதிகம் விடுவதில்லை. பார்சல் டேப் பெட்டிக்கு உரியது, காமிராவுக்கு உரியதன்று.

இப்பசையை அகற்ற நாங்கள் பின்பற்றிய வரிசை இது. முதலில் திரவமே இல்லாமல் விரலால் உருட்டிப் பார்த்தோம். பாதிப் பசை அழிப்பான் துகளைப் போல உருண்டு வந்தது. அடுத்துப் புது டேப் துண்டு ஒன்றைப் பசை வெளியே தெரிய விரலில் சுற்றி, பழைய பசையின்மேல் ஒற்றி ஒற்றி எடுத்தோம். முள்ளை முள்ளால் எடுப்பது போலப் பசையைப் பசையே எடுத்தது. கத்தியோ பிளேடோ தொடவே கூடாது. பழைய பிளாஸ்டிக் அடையாள அட்டையின் விளிம்பால் மெதுவாகத் தள்ளலாம்.

எஞ்சியதற்குத்தான் எண்ணெய். துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, குழலின் வெளிப்புறத்தில் பசை உள்ள இடத்தில் மட்டும் தடவிப் பத்து நிமிடம் விட்டோம். பசை இளகித் துணியோடு வந்துவிட்டது. ஸ்டாண்டின் உலோகக் கால்களில் இருந்த பலாப்பாலும் இப்படியே போயிற்று. ஆனால் எண்ணெய் லென்ஸின் உள்ளே கசிந்தால் அதன் நுண்ணிய தகடுகள் ஒட்டிக் கொண்டு படமே எடுக்க முடியாமல் போகும். ரப்பரின்மேல் பட்டால் ரப்பர் ஊதிவிடும். ஆகையால் எண்ணெய்க்கு இடம் அறிந்து வேலை கொடுக்க வேண்டும். மண்ணெண்ணெயும் பசையைக் கரைக்கும். ஆனால் அதன் நாற்றம் போகாது, ரப்பரையும் கெடுக்கும், தீப்பற்றும் அச்சமும் உண்டு.

எண்ணெய் பசையை எடுத்துவிடும், ஆனால் அந்த எண்ணெயை யார் எடுப்பது? அதற்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்னும் திரவம் வேண்டும். இது நீரோடும் கலக்கும், எண்ணெய்ப் பிசுக்கையும் ஓரளவு கரைக்கும். துடைத்த சில நொடிகளில் சுவடின்றி ஆவியாகிவிடும். பஞ்சை இதில் சிறிது நனைத்துத் துடைத்தபோது லென்ஸின் குழல் புதியது போல ஆயிற்று. கை கழுவும் சானிடைசரிலும் ஆல்கஹால்தானே இருக்கிறது என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். உண்மைதான். ஆனால் கை வறளாமல் இருக்க அதில் கிளிசரின் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். துடைத்தால் ஒரு பிசுக்குப் போய் இன்னொரு பிசுக்கு வந்து சேரும்.

நாங்கள் செய்த தவறு

எல்லாம் வெற்றியாகவே முடிந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் உண்மையை மறைக்கலாகாது. பொறுமை இழந்த ஒரு மாலையில், நகப்பூச்சை அழிக்கும் திரவம் எல்லாவற்றையும் அழிக்குமே என்று எண்ணி, அதைப் பஞ்சில் தொட்டு லென்ஸ் மூடியில் இருந்த பசையின்மேல் தேய்த்தோம். பசை போயிற்று, கூடவே மூடியின் பளபளப்பும் போயிற்று. அந்த இடம் வெளுத்துச் சொரசொரப்பாகிவிட்டது. அந்தத் திரவத்தில் உள்ள அசிட்டோன் பலவகைப் பிளாஸ்டிக்குகளைக் கரைத்துவிடும் என்று பின்பே அறிந்தோம். பசைக்கும் பிளாஸ்டிக்குக்கும் அதற்கு வேற்றுமை தெரியாது. நல்ல வேளையாக அது மூடி. காமிராவின் உடல் அன்று. அம்மூடியை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறோம். அடுத்த ஆண்டு மாணவிகளுக்கு அது பாடமாக இருக்கட்டும் என்பது சிஸ்டரின் விருப்பம்.

இரண்டிலும் சேராத பசை

ரப்பர்க் கைப்பிடியின் பிசுபிசுப்பு எங்களை மிகவும் குழப்பியது. நீரால் துடைத்தோம், போகவில்லை. எங்கள் தோழி ஒருத்தியின் மாமா ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அவரிடம் காட்டினோம். அவர் தொட்டுப் பார்த்தவுடன், "இது மேல ஒட்டின அழுக்கு இல்லம்மா. சாமானே உருகுது" என்றார். பிறகு தம் கடையில் இருந்த பழைய பிலிம் காமிரா ஒன்றின் முதுகைத் திறந்து காட்டினார். உள்ளே வெளிச்சம் புகாமல் தடுக்க ஒட்டியிருந்த கறுப்பு நுரைப் பட்டை தார் போல உருகிக் கிடந்தது.

இதன் காரணம் பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருள். ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ பேயர் என்னும் வேதியியல் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 1937-இல் இதனைக் கண்டறிந்தனர். மெத்தை, செருப்பின் அடிப்பகுதி, பூச்சு என்று எங்கும் இது பயன்படுகிறது. கைக்கு மென்மையாக இருக்கட்டும் என்று கருவிகளின் மேல் பூசும் பூச்சிலும் இது உண்டு. காற்றிலுள்ள ஈரம் நாளடைவில் இதன் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளைத் துண்டு துண்டாக வெட்டிவிடுகிறது. நீராற்பகுத்தல் என்பது இதன் பெயர். சங்கிலி அறுந்தால் கெட்டியான பொருள் பிசுபிசுக்கும் கூழாகிறது. வெப்பம் கூடினால் இது விரைவாக நடக்கும். ஈரமும் வெப்பமும் நம் ஊருக்குப் பஞ்சமா? உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் கூட இப்பொருளால் ஆன கலைப்பொருள்கள் இவ்வாறு சிதைவது பெரும் கவலையாக இருக்கிறது.

ஆகவே இது கழுவிப் போகும் அழுக்கன்று. சிதைந்த மேற்பூச்சை முழுவதும் துடைத்து எடுப்பதே வழி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தொட்ட துணியால் சிறிது சிறிதாக ஒரே திசையில் துடைத்தோம். துணி கறுத்துக் கொண்டே வந்தது. இரண்டு மாலைகள் உழைத்த பிறகு அடியிலுள்ள கெட்டியான பகுதி தெரிந்தது. முன்பிருந்த மென்மை இல்லை. ஆனால் கை ஒட்டுவதும் இல்லை. பூச்சின்மேல் அச்சிட்டிருந்த எழுத்துகள் சில அழிந்துவிட்டன. சிலர் முகப் பவுடரைத் தூவிப் பிசுபிசுப்பை மறைப்பதுண்டு. அது சில நாட்களுக்குத்தான். அந்தத் தூளும் காமிராவுக்குள் புகுந்துவிடும். பிலிம் காமிராவின் உருகிய நுரையை அந்த மாமா பல் குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்து, அவ்விடத்தில் புதிய கறுப்புப் பட்டையை ஒட்டினார்.

காமிராவின் கண்

லென்ஸின் கண்ணாடியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அது வெறும் கண்ணாடி அன்று. ஒளி அதன்மேல் பட்டுத் திரும்பி வீணாகாமல் இருப்பதற்காக மிக மெல்லிய பூச்சு ஒன்று அதன்மேல் இருக்கிறது. ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா என்பவர் 1935-இல் இம்முறையைக் கண்டுபிடித்தார். மக்னீசியம் புளூரைடு என்னும் பொருளால் இத்தகைய பூச்சு இடும்போது அதன் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் 10,000-இல் ஒரு பங்கு. நம் நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றின் கனத்துக்குள் இத்தகைய பூச்சு ஆயிரம் அடங்கும்! அதன்மேல் தாவணி முனையாலோ சட்டை நுனியாலோ தேய்த்தால் என்ன ஆகும்? துணியில் ஒட்டியிருக்கும் மணல் துகள் கண்ணாடியை விடக் கடினமானது. அது கீறிய கோடு எந்நாளும் மறையாது.

முதலில் காற்றை ஊதித் தூசியைப் போக்க வேண்டும். பின்பு லென்ஸுக்கென விற்கும் மெல்லிய தாளையோ கண்ணாடி துடைக்கும் மிருதுவான துணியையோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கோலச் சுழி போல வட்டமாக, அழுத்தாமல் துடைக்க வேண்டும். எண்ணெய் வேண்டாம். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்.

அந்தப் புட்டியைப் பற்றி ஒரு வார்த்தை

இப்போது பெற்றோருக்கு என்று முன்பு குறிப்பிட்ட செய்திக்கு வருகிறோம். ஆய்வகப் பொறுப்பிலுள்ள சிஸ்டர் பூட்டிய அலமாரியிலிருந்து அந்தத் திரவத்தை ஒரு சிறு கிண்ணத்தில் அளந்துதான் தந்தார்கள். புட்டியைக் கையில் தரவில்லை. மூடியைத் திறந்ததும் சாராயத்தை நினைவூட்டும் வாடை அறையில் பரவியது. எங்களில் ஒருத்தி ஒன்றும் சொல்லாமல் எழுந்து வராந்தாவுக்குச் சென்றுவிட்டாள். ஏனென்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அதைக் கேட்கத் தேவையில்லை.

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பள்ளி திறந்து சில நாட்களே ஆகியிருந்தபோது, கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெண்களும் இருந்தனர். தாய் தந்தையரை இழந்த பிள்ளைகளும் உண்டு. நம் ஊரின் பெயர் நாடெங்கும் துயரத்தோடு சொல்லப்பட்டது.

மெத்தனாலும் ஆல்கஹால் குடும்பத்தைச் சேர்ந்ததே. வண்ணப் பூச்சு, வார்னிஷ் முதலிய தொழில்களில் கரைப்பானாக உதவுவது. நிறத்தாலோ வாடையாலோ அதை எளிதில் வேறு பிரித்து அறிய முடியாது. உடலுக்குள் சென்றால் நம் கல்லீரல் அதை முதலில் பார்மால்டிகைடாகவும், பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்லும் நரம்பைத் தாக்குவதால் பார்வை போகிறது. பின் உயிரும் போகிறது. காமிராவின் கண்ணைத் துடைக்கும் திரவத்துக்கு நெருங்கிய உறவான ஒன்று மனிதரின் கண்ணைப் பறிக்கிறது என்பதை எண்ணியபோது எங்கள் கைகள் சற்று நடுங்கின.

நாங்கள் பயன்படுத்திய ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் மெத்தனால் அன்று. ஆயினும் அதுவும் குடித்தால் நஞ்சே. தொழிலுக்கென விற்கும் ஸ்பிரிட்டை யாரும் குடிக்கக் கூடாது என்பதற்காகவே அதில் மெத்தனால் போன்றவற்றைச் சேர்ப்பது உண்டு. ஆகையால் வீட்டில் இத்தகைய திரவம் எதை வைத்திருந்தாலும் சில விதிகளைப் பின்பற்ற வேண்டும். பெயர்ச் சீட்டு இல்லாத புட்டியில் வாங்கக் கூடாது. குடிநீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ ஊற்றி வைக்கவே கூடாது. "நஞ்சு" என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும். ஏனெனில் வீட்டில் எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியாது. சிறு பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வைக்க வேண்டும். பயன்படுத்தும்போது சன்னல்களைத் திறந்து வைத்து, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் அமர வேண்டும். இதன் ஆவி நம் ஊர் வெப்பத்தில் எளிதில் தீப்பற்றும். யாரேனும் தவறிக் குடித்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல், புட்டியையும் எடுத்துக் கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மெத்தனால் நஞ்சுக்கு மாற்று மருந்து உண்டு. ஆனால் அது காலத்தோடு கிடைக்க வேண்டும்.

சிறிது நேரத்தில் வராந்தாவிலிருந்து எங்கள் தோழி திரும்பி வந்து எங்கள் அருகில் அமர்ந்தாள். புட்டியில் ஒட்ட வேண்டிய சீட்டைத் தானே எழுதுவதாகக் கேட்டு வாங்கிக் கொண்டாள். அவள் எழுதிய "நஞ்சு" என்னும் சீட்டுத்தான் இன்றும் எங்கள் ஆய்வக அலமாரியில் இருக்கிறது.

வருமுன் காத்தல்

இவ்வளவு பாடுபடுவதை விட ஒட்டாமல் பார்த்துக் கொள்வது எளிது. மழைக்குப் பாலிதீன் பையைப் போர்த்தினால் அதை ரப்பர் வளையத்தால் கட்டலாம். வேறு வழியின்றி டேப் ஒட்ட நேர்ந்தால் அன்றே உரித்துவிட வேண்டும். தேனையும் காமிராவையும் ஒரே பையில் வைக்கலாகாது. பயணம் முடிந்ததும் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் ஈரத்தைத் துடைத்து வைக்க வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் பூச்சு சிதைவது குறையும். ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலும் இருக்கும். இடையிடையே எடுத்துப் பயன்படுத்துவதும் நல்லது.

முடிவுரை

தோழியரே! ஒட்டியிருப்பது இன்னதென்று அறிந்தபின் அதற்கேற்ற பொருளை எடுங்கள். முதலில் விரல், அடுத்து நீர், பின்பு எண்ணெய், கடைசியாகத்தான் ஆல்கஹால் என்று மென்மையானதிலிருந்து வலிமையானதற்குச் செல்லுங்கள். வலிமையான பொருள் எதுவானாலும் அதன் பெயரைத் தெரிந்து கொள்ளாமல் கையில் எடுக்காதீர்கள். மலையில் பலா விற்ற அந்த அம்மாவும், ஸ்டூடியோ மாமாவும், எங்கள் சிஸ்டரும் தனித்தனியே சொன்னது இந்த ஒன்றைத்தான்.

எங்கள் காமிரா இப்போது நலமாக இருக்கிறது. கைப்பிடி சற்று வழவழவென்று இருந்தாலும், மூடியில் ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தாலும், அதன் கண் தெளிவாகத் தெரிகிறது. ஆண்டு விழாவன்று அதைக் கழுத்தில் மாட்டிக் கொண்டு நாங்கள் வருவோம். பெற்றோர் அனைவரும் சிரித்த முகத்துடன் நிற்குமாறு கேட்டுக் கொள்கிறோம்!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி